நின்ற இடத்தில் இருபத்தைந்து

என் சைக்கிள் எங்கள் வீட்டு ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே நாலு மாதம் ஓடிற்று, ஓரடி கூட நகராமல். பின்சக்கரத்தை இரும்புத் தாங்கியில் பூட்டி, டயரோடு ஒரு ரோலரை அழுத்தி வைத்தால் டிரெய்னர் தயார். நான் மிதிக்க மிதிக்க டயர் அந்த ரோலரைச் சுழற்றும். டிவி பார்க்க உட்கார்ந்தவர் என் முதுகைப் பார்த்துவிட்டு எழுந்து போவார்.

உட்கார்ந்தவர் என்றால் என் வீட்டுக்காரர்தான். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். துறைமுகச் சாலையில் ஒரு உப்பு லாரிக்கு ஒதுங்கப் போய் நான் விழுந்து, முழங்கால் சவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது. டாக்டர் தாராளமாக மிதிக்கலாம் என்றார். இவர்தான் ரோட்டில் விடமாட்டேன் என்று நின்றார். நான் விடாமல் நச்சரித்ததில் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார். ஹாலிலேயே அரை மணி நேரம் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் மிதித்துக் காட்டினால், தன் கையாலேயே சைக்கிளைக் கழற்றித் தருவார். சனிக்கிழமைகளில் திருச்செந்தூர் ரோட்டில் நாங்கள் போன வேகம் அது. எனக்கு அந்த ரோடு வேண்டும். முகத்தில் காற்றடிக்காமல் மிதித்து மிதித்து எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் போலிருந்தது.

டிரெய்னரோ தினம் ஒரு கூத்து காட்டியது. முதலில் கீச்சென்று கத்தியது. பிறகு டயர் வழுக்கிக் கருகிய வாடை அடித்தது. மொசைக் தரையெல்லாம் கறுப்புப் பொடி. பக்கத்து வீட்டம்மா, மாவு மில் ஏதும் வைத்திருக்கிறோமா என்று விசாரித்தாள். டயரில் காற்றை ஏற்றிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன். தாங்கி ஆடுகிறதோ என்று அடியில் பழைய மிதியடியைக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவை வழுக்கும்போதும் ரோலரை இறுக்கும் திருகை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். பத்தாம் வகுப்புக்கு உராய்வு நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து, இது ஏன் வழுக்குகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்ட இயற்பியல் டீச்சர் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு மழைநாள், பள்ளிக்கூடம் லீவு. ஏறி மிதித்தால் கால் பஞ்சு மாதிரி போகிறது. வேகம் காட்டும் போனில் இருபத்தைந்து. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் இருபத்தாறு! அவரைக் கூவி அழைத்தேன். வந்து, கடிகாரமும் கையுமாக எதிரில் நின்றார். அரை மணி முடிந்ததும் இறங்கி, ஆபரேஷன் செய்த காலோடு ஹாலைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டேன். அவர் முகம் செத்துப்போயிருந்தது. ஆனாலும் சொன்ன சொல் தவறாமல் ஸ்பேனரை எடுத்து வந்து உட்கார்ந்தார். சக்கரத்தைப் பிடித்த கை வழுக்கியது. உள்ளங்கையை மோந்து பார்த்தார்.

துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பது அவர் வேலை. எங்கள் ஊர் உப்புக்காற்றில் இரும்பை ஒரு ராத்திரி சும்மா விட்டால் காலையில் துரு. ஜன்னல் கம்பி முதல் கத்தரிக்கோல் வரைக்கும் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பார். நான் வியர்வையைக் கொட்டிவிட்டுக் குளிக்கப் போன பிறகு என் சைக்கிளுக்கும் அதே உபசாரம் தினமும் நடந்திருக்கிறது. மழை ஈரமாயிற்றே என்று அன்றைக்கு இரண்டு தடவை.

“ரோலருக்குமா எண்ணெ போட்டீங்க?”

“அதும் இரும்புதான்ளா.”

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு புண்ணாகிவிட்டது. வேகம் காட்டும் சென்சார் பின்சக்கரத்தில் இருக்கிறது. சக்கரம் எண்ணெயில் சும்மா வழுக்கிச் சுழன்றதைத்தான் அது இருபத்தாறு என்று காட்டியிருக்கிறது. சிரிப்பு அடங்கியதும் இருபத்தைந்து கைவிட்டுப் போனது உறைத்தது.

பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டு டயரையும் ரோலரையும் கழுவினோம். மறுநாள் உயிரைக் கொடுத்து மிதித்தேன். இருபத்தொன்றைத் தாண்டவில்லை. இறங்கி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். இன்னும் இரண்டு மாதம் பார்ப்போமே என்று அவர் ஆறுதல் சொன்னபோது அந்தக் குரலில் இருந்த நிம்மதி எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. அப்படியானால் நீங்கள் ஏறிக் காட்டுங்கள் என்றேன்.

இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பதினைந்து. பல்லைக் கடித்துப் பதினேழு. கொஞ்ச நேரத்தில் நாக்குத் தள்ளிவிட்டது. பிரேக் பிடிக்கிறது என்றார். குனிந்து பார்த்தேன், பிரேக் ரிம்மைத் தொடவே இல்லை. பிறகுதான் திருகு கண்ணில் பட்டது. எண்ணெயோடு மல்லுக்கட்டி நான் தினம் தினம் முறுக்கியதில், இனி முறுக்க இடமில்லாமல் ரோலர் டயருக்குள் புதைந்து கிடந்தது. இதில்தான் நான் இருபத்தொன்று மிதித்திருக்கிறேன்! எனக்குத் தலைகால் புரியவில்லை. திருகைத் தளர்த்துங்கள், முப்பதே காட்டுகிறேன் என்று குதித்தேன்.

அவர் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு, தளர்த்துவதற்குப் பதிலாக, சைக்கிளையே தாங்கியிலிருந்து கழற்றினார். பயமில்லையா என்று கேட்டேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அன்னைக்கு நான் பாட்டுக்கு முன்னால போயிட்டேன். நீ விழுந்ததே தெரியாம ரொம்ப தூரம் போயிட்டேன்ளா. இனிமே நீ முன்னால போ.”

அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில் திருச்செந்தூர் ரோட்டில் இறங்கினோம். எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது, நான் வாயைத் திறந்து சிரித்தபடியே மிதித்தேன். உப்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தபோது நெஞ்சு ஒரு குதி குதித்தது, கால் நிற்கவில்லை. பழையகாயல் தாண்டியதும், மெதுவாகப் போகச் சொல்லிப் பின்னாலிருந்து கத்தினார். திரும்பிப் பார்த்தேன். பயந்து கத்தவில்லை மனுஷன், அவருக்கு மூச்சு வாங்கியது.