குளிர்கிடங்குக்காரிக்கு வந்த சூடு

கிடங்கில் அவளுக்கு வைத்த பெயர் ஸ்வெட்டர். மீனும் பட்டாணியும் உறைந்து கிடக்கும் அறைகளில் பெட்டிகளை அடுக்குவதும் எடுத்துக் கொடுப்பதும் அவள் வேலை. உள்ளே போட்டுக்கொள்ளும் கம்பளிச் சட்டையை வெயிலில் நிற்கும்போதும் கழற்றமாட்டாள். முதலில் அது வெறும் சோம்பலாகத்தான் இருந்தது. பிறகு உண்மையாகவே குளிரத் தொடங்கியது.

பெட்டி தூக்கினால் மூச்சு இரைத்தது. மாடிப்படியின் நடுவில் நின்று, யாரிடமோ பேசுவதுபோல் போனைக் காதில் வைத்துக்கொள்ளப் பழகினாள். வயிறு ஒரு வாரம் இறுகும், மறுவாரம் இளகும். முகம் வெளுத்திருப்பதைப் பார்த்த லாரி டிரைவர், "என்ன ஸ்வெட்டர் அக்கா, உங்களையும் பெட்டிக்குள்ள வச்சு உறைய விட்டுட்டாங்களா?" என்றார். சிரித்துவிட்டு, மறுநாளே ரத்தம் பரிசோதிக்கப் போனாள். ஹீமோகுளோபின் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது.

இரும்புச் சத்து மாத்திரையோடு அனுப்பியிருந்தால் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போயிருப்பாள். டாக்டரம்மா அனுப்பவில்லை.

"ரத்தம் எங்கயோ போகுது. எங்கன்னு பாக்காம மாத்திரை மட்டும் குடுத்தா, ஓட்டை வாளியில தண்ணி ஊத்துற கதைதான். வீட்டுல யாருக்காவது குடல்ல பிரச்சனை இருந்துச்சா?"

"யாருக்கும் இல்ல."

"அப்பா?"

"அப்பா சூட்டுல போனாரு."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "சூடுன்னா?"

அவள் விளக்கினாள். அப்பாவுக்குப் பேக்கரியில் அடுப்பு வேலை. அடுப்பு முன்னால் நிற்பவர்களுக்கு உடம்பு சூடாகி மூலம் வரும், ரத்தம் போகும். அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்பாவுக்கும் போனது. கூடவே வயிற்றைப் பிடித்து இழுத்தது. கடைசி வருடம் சட்டை அவர் தோளில் தொங்கியது. ஐம்பதைத் தொடவில்லை. இப்போது அதே அடுப்பில் அண்ணன் நிற்கிறான். அவனுக்கும் அவ்வப்போது ரத்தம் போகிறது.

சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கியது. துண்டு துண்டாக வீட்டில் கிடந்த செய்திகளை அவள் வரிசையாகச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

"நான் நிக்கிறது ஐஸ்ல டாக்டர்," என்றாள், கேட்காமலே.

குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் மூன்று பாலிப் இருந்தன. உள்சுவரில் காளான்போல் முளைக்கும் சதை. பெரும்பாலும் வலியும் இருக்காது, அடையாளமும் இருக்காது. ஆனால் சில, வருடங்கள் போனபின் புற்றாகிவிடும். அவளுடையவை அந்த அளவுக்குப் போகவில்லை. குழாய் வழியாகவே கம்பி வளையம் போட்டு எடுத்துவிட்டார்கள்.

"அப்பா கதையைக் கேட்டா அது சூடு மாதிரி தெரியல, குடும்பத்துல வர்ற வியாதி மாதிரி இருக்கு. உங்க அண்ணனைக் கூட்டிட்டு வாங்க," என்றார் டாக்டரம்மா. "அடுத்த வருஷம் இல்ல. இப்பவே."

அந்த வாரமே மத்தியானம் பேக்கரிக்குப் போனாள். அண்ணன் நீளக் கரண்டியால் பிரெட் தட்டுகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தான்.

"பின்னாடி கேமரா விடுவாங்களா? போ போ. என்னை முன்னாடி போட்டோ எடுத்தாலே எனக்குப் புடிக்காது."

"மயக்க ஊசி போட்டுருவாங்க அண்ணே. ஒண்ணும் தெரியாது."

"எனக்கு இது சூடு. நல்லாத் தண்ணி குடிச்சா நின்னுரும்."

"அப்ப எனக்கு ஏன் வந்துச்சு? நான் எந்த அடுப்புல நின்னேன்?"

அவன் தட்டை இறக்கி வைத்தான். அதிகம் யோசிக்கவில்லை. "குளிரும் சூடுதான். ஐஸ் கட்டியைக் கையில ரொம்ப நேரம் புடி, சுடுதா இல்லையான்னு பாரு."

எதை நீட்டினாலும் விழுங்கிவிடும் காரணம் அது. அதோடு வாதாடி ஜெயிக்க முடியாது. அவள் திரும்பி, மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மேஸ்திரியைப் பார்த்தாள்.

"மேஸ்திரி, அப்பா காலத்துலேர்ந்து நீங்க இந்த அடுப்புலதான் நிக்கிறீங்க. உங்களுக்கு ரத்தம் போயிருக்கா?"

மேஸ்திரிக்குப் புரை ஏறியது. "நடுக் கடையில கேக்குற கேள்வியாம்மா இது? எனக்கு முட்டி வலி மட்டுந்தான்."

"வேற யாருக்காவது?"

"பன்னு போடுறவனுக்கு இருந்துச்சு. அது மூலமேதான். காட்டிச் சரி பண்ணிக்கிட்டான்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். "அவன் காட்டினான், மூலம்னு தெரிஞ்சுது. நீ யார்கிட்டடா காட்டின?"

அண்ணன் மாவு மூட்டைகள் அடுக்கிய பின்னறைக்குள் போனான். அவளும் போனாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டே பேசினான்.

"அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது நான்தான். நீ சின்னப் புள்ள, உனக்குத் தெரியாது. வயித்தைத் தொறந்து பாத்துட்டு அப்படியே மூடி அனுப்பிட்டாங்க. அங்க போனா அவ்வளவுதான்."

"எத்தனை வருஷமா இதை உள்ள வச்சிருக்க?"

"உங்க அண்ணிகிட்டகூடச் சொன்னதில்ல."

"அப்பா எல்லாம் முத்தினப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனாரு அண்ணே. அதான் மூடி அனுப்பினாங்க. நாம முன்னாடியே போவோம்." அவன் ஒரு மூட்டையை நகர்த்தி வைத்தான். "நீ வரலைன்னா நாளைக்கும் வருவேன். நடுக் கடையில நின்னு எல்லாத்தையும் சத்தமாக் கேப்பேன்."

"வருவ. நீ வரக்கூடியவதான்," என்றான் அவன் கசப்பாக.

இதைத் துணிச்சல் என்றால் பெரிய சொல். விடாமல் நின்றாள், அவ்வளவே. சோதனைக்கு முந்தின நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, குடலைச் சுத்தம் செய்யும் பேதி மருந்து கலந்த ஜக்கோடு அண்ணன் வீட்டுக் கழிவறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவன் வெளியே வரும்போதெல்லாம் ஒரு டம்ளர் நீட்டினாள். "கொலைகாரி," என்றான் அவன். "வாயில மருந்தை விடுங்க, இல்ல வசவை விடுங்க, ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க," என்று அண்ணி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

மறுநாள் மயக்கம் தெளியாமலே கேட்டான்: "உனக்கு எத்தனை?"

"மூணு."

"எனக்கு?"

"அஞ்சு."

"எதுலயும் நான்தான் மூத்தவன்," என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினான்.

ஐந்தையும் வெட்டி எடுத்துச் சதைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்; முடிவு வந்தது. ஐந்தில் பெரியதன் நுனியில் புற்று தொடங்கியிருந்தது. அதன் அடிப்பகுதி சுத்தமாக இருந்தது; முழுதாக வெட்டி எடுத்தாயிற்று, இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் அடிக்கடி வந்து பார்க்க வேண்டும்; வீட்டுப் பிள்ளைகள் எந்த வயதில் இந்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதையும் சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டான். அவள் பக்கத்தில் நின்றாள்.

"அடுத்த தடவை எப்ப?" என்றான்.

சொன்னாள்.

"அன்னிக்குப் பெரிய ஆர்டர் இருக்கும். பாக்கலாம்."

"பாக்கலாம் எல்லாம் இல்ல. அன்னிக்கு உனக்கு லீவுன்னு மேஸ்திரிகிட்டச் சொல்லியாச்சு. எந்திரி."

அவன் எழுந்தான்.