மரவள்ளித் தோலும் முழக் கயிறும்

எண்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சத்திரம் பக்கம் நான் கால்நடை ஆய்வாளர். ஊசி போடுகிறவன் எவனும் ஊருக்கு டாக்டர்தான். மரவள்ளி அறுவடை வந்தாலே எனக்கு ஓய்வு கிடையாது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரியில் உரித்துக் கொட்டும் கிழங்குத் தோலை மாட்டுக்கென்று வண்டி வண்டியாக அள்ளி வருவார்கள். நன்றாகக் காய்ந்தால் அது தீவனம். ஈரத்தோடு வயிறு நிறையத் தின்றால் விஷம்.

ஒரு நாள் காலை செல்லமுத்து என்ற விவசாயி சைக்கிளில் அடித்துப் பிடித்து வந்தார்.

"ஏனுங்க டாக்டரு, ஜெர்சி கீழ உழுந்துருச்சுங்க. மூச்சு வாங்குது. சட்டுனு வாங்க!"

மாடு கொட்டகையில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. கண்ணின் உட்புறம் செக்கச்செவேல், விஷம் ஏறிய அடையாளம். தொட்டியில் ஈரத் தோல் மிச்சம் இருந்தது.

இதற்கான ஊசி மருந்து ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் இருக்காது. ஃபோட்டோ ஸ்டுடியோவில் படம் கழுவும் ஹைப்போ உப்புதான் எங்களுக்கு முறிவு மருந்து. பையில் இருந்த பொட்டலத்தைக் கரைத்து, குழாய் விட்டு வயிற்றுக்குள் ஊற்றினேன். செல்லமுத்துவின் மனைவி பாவாயி மாட்டின் தலையை மடியில் தாங்கி, "எந்திரி சாமி, எந்திரி" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். நான் தாமதமாகத்தான் வந்திருந்தேன். கறக்காத மடியோடு மாடு செத்துப்போனது.

"காயப்போட்டுத்தானுங்க வெப்போம்," என்றார் செல்லமுத்து. "மழ புடிச்சுக்கிச்சு. கெழங்கு புடுங்கப் போற அவசரத்துல அப்படியே அள்ளி வெச்சுட்டனுங்க."

பாவாயி வெளியே பார்த்தார். அவர்களுடைய நாட்டு மாடு வைக்கோல் போரடியில் அசைபோட்டு நின்றது.

"அதுக்கும் இதே தோலுதானுங்க. அது நல்லா நிக்குதே. இது மட்டும் ஏனுங்க செத்துச்சு?"

இரண்டு மாட்டின் கயிறுகளையும் பார்த்தேன். நாட்டு மாட்டுக்கு நீளக் கயிறு. நாலு வாய் தின்றுவிட்டு வைக்கோலுக்குப் போய்விட்டது. ஜெர்சிக்கு ஒரு முழம்தான். நடந்தால் பால் குறையும் என்று எவனோ சொல்லி, அந்த வட்டாரமே அப்படித்தான் கட்டியது. பசித்தால் முகத்துக்கு நேரே இருப்பதைத்தான் அது தின்றாக வேண்டும். அந்த எவனோ கையில் கிடைத்திருந்தால் அதே முளையில் ஒரு நாள் கட்டிப்போட்டிருப்பேன்.

பாவாயி கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார். கையில் வைத்துப் பார்த்தவருக்குத் தானாகவே விளங்கிவிட்டது.

"நீளமாக் கட்டியிருந்தாப் பொழச்சிருக்குமுங்களா?"

"பொழச்சிருக்கும்மா," என்றேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். கொட்டகைக்குள் போனால் மாட்டை அப்புறம் பாருங்கள். முதலில் கயிற்றைப் பாருங்கள்.