கமலத்தின் வீட்டுத் தொலைபேசி

கமலத்தின் வீட்டுத் தொலைபேசிக் கம்பியை அறுத்தவள் நான்தான். மழையுமல்ல, காற்றுமல்ல, தொலைபேசி அலுவலகத்தின் அசட்டையுமல்ல. நான்!

இதை உங்களிடம் சொல்வதற்கே இத்தனை காலம் ஆகிவிட்டது... கமலத்திடம் இன்னும் சொல்லவில்லை.

ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் சாலையில் எங்கள் கடைகள் அடுத்தடுத்து இருந்தன; முன்னால் கடை, பின்னால் வீடு. இருவருமே சேலத்திலிருந்து மலையேறி வந்து, மிளகும் காப்பித்தூளும் விற்றுப் பிழைத்தவர்கள். தொலைபேசிக்கு ஒன்றாகத்தான் போய் விண்ணப்பித்தோம். அவளுக்கு வந்தது. எனக்கு வரவில்லை. கேட்டால், வரிசைப்படி வரும் என்பார்கள். எந்த வரிசை? அவள் பெயருக்கும் என் பெயருக்கும் இடையில் அப்படி எத்தனை பேர் நின்றார்கள்? அந்தக் குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்.

என் கோபம் அவர் மீதல்லவா இருந்திருக்க வேண்டும்? ஏன் கமலத்தின் மீது திரும்பியது?

அவள் கெட்டவளாயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சேலத்திலிருந்து என் தங்கை பேசினால் ஓடி வந்து, "ஏனுங்கக்கா, உங்களுக்குப் போன் வந்திருக்குதுங்க" என்று கூப்பிடுவாள். அவள் கூடத்தில், அவள் நாற்காலியில் அமர்ந்து நான் பேச வேண்டும். சிரித்து நன்றி சொல்லிவிட்டுத் திரும்பும்போது வயிறு எரியும். சுற்றுலா வந்தவர்கள் ஊருக்குப் பேச அவள் கடைக்குள் நுழைவார்கள்; வெளியே வரும்போது கையில் அவளுடைய காப்பித்தூள்!

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம்... அந்தக் கம்பி என் கொல்லை சில்வர் ஓக் மரத்தின் கிளைகளுக்குள் புகுந்துதான் அவள் வீட்டுக்குப் போனது. மிளகுக்கொடி கழிக்கும் கத்தரி என் கையில் இருந்தது. யோசிக்காமல் செய்தேனா? யோசித்துத்தான் செய்தேன். அதுதான் கொடுமை.

ஒரு நாள் ஊமையாகக் கிடக்கட்டும் என்று நினைத்தேன். கமலம் புகார் மேல் புகார் கொடுத்தாள். வாரம் கடந்தும் ஒருவரும் வரவில்லை. அது அந்த அலுவலகத்தின் வழக்கம். என் துணிச்சலே அதுதான்.

அந்த நாட்களில்தான் அவள் மகள் செல்விக்கு அழைப்பு வந்திருக்கிறது. கோயம்புத்தூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கேட்டுக் காத்திருந்த பெண். இடம் காலியாகியிருக்கிறது, உடனே வரவும் என்று சொல்லப் பலமுறை கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே மணி அடித்திருக்கிறது; இங்கே கருவி சத்தமே போடவில்லை. எவரும் எடுக்காததால் இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது. நேரில் போய் விசாரித்த பிறகே தெரிந்தது. செல்வி அழவில்லை. சீருடைக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைத் துணியை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாளாம்...

கடைசியில் லைன்மேன் வந்தார். மரத்திலிருந்து இறங்கி, "இது தானா அறுந்ததில்லைங்க. யாரோ வெட்டி உட்டிருக்காங்க" என்றார்.

கமலம் என்னைப் பார்த்தாள். சந்தேகத்தோடு அல்ல; துணைக்காக. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"உங்க ஆபீசுல எப்பவும் ஏதாச்சும் சாக்குத்தானுங்களே. புள்ளையோட படிப்பே போயிருச்சு. இன்னும் பொய் சொல்றீங்களே?"

கூடியிருந்த அத்தனை பேரும் என் பக்கம். அந்த அலுவலகத்துக்கு நடந்து நடந்து சலிக்காதவர் எங்களில் யார்? உண்மையைச் சொன்ன ஒரே மனிதர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் மீது கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மனு அனுப்பினோம். நானும் கையெழுத்திட்டேன்! அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

செல்வியை நாகலூரில் கட்டிக் கொடுத்தார்கள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறாள். எனக்கும் பிறகு தொலைபேசி வந்தது. வந்து என்ன...

போன மழையில் நான் காய்ச்சலில் கிடந்தபோது செல்விதான் வந்து தங்கி, கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். கமலம் என் கட்டிலருகே அமர்ந்து, "அந்தப் போன்காரங்க மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா, இவ இன்னிக்கு நர்ஸுங்கக்கா" என்றாள்.

சொல்லிவிட வாயைத் திறந்தேன்... சத்தியமாகத் திறந்தேன்.

"ஆமா கமலம். பாவிங்க" என்றேன்.

செல்வி என் நெற்றியிலிருந்த ஈரத்துணியை எடுத்து நனைத்து, மறுபடியும் போட்டாள்.