தங்க வார்ச் செருப்பும் ஒரு 'சீ'யும்

பிரபாலினி செருப்புக்கடையில் வேலை செய்கிறாள் என்பதைச் சொந்த வீட்டிலேயே ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஜேர்மனியில், டோர்ட்மண்ட் நகரின் பெரிய கடைத்தெருவில், கண்ணாடிக் கதவு போட்ட பெண்கள் பாதணிக்கடை அது. புருஷன் சிவகுருநாதன் கோயிலில் யாராவது கேட்டால், "அவ ஒரு ஃபேஷன் கொம்பனியிலை" என்று சொல்லிவிட்டு உடனே மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். அடுத்தவன் காலைப் பிடித்துச் சப்பாத்து மாட்டிவிடும் வேலை என்று ஊர்ச்சனம் அறிந்தால் மானம் கப்பலேறிவிடுமாம். அந்தக் காலைப் பிடித்த கைதான் அவருக்கு வேலை இல்லாத வருடங்களில் சோறு போட்டது. அது மட்டும் கப்பலேறவில்லை போலிருக்கிறது.

அவளுக்கோ அந்த வேலை பிடித்திருந்தது. நாட்டுக்கு வந்த புதிதில் கடையின் நிலவறையில் பெட்டி அடுக்கினாள். பிறகு டொச் என்னும் ஜேர்மன் மொழி நாக்குக்கு வசப்பட்டதும் மேலே கூப்பிட்டு விற்பனைக்கு நிறுத்தினார்கள். பிரபாலினி என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையாததால் நெஞ்சில் 'லீனி' என்ற பெயர்ப்பட்டையைக் குத்தினார்கள். வருடத்தில் அவள் காத்திருப்பது மார்ச் மாதத்துக்காக. குளிர்காலத்துக் கறுப்புப் பூட்ஸ் எல்லாம் கீழே இறங்க, கோடைச் சரக்கு மேலே ஏறும். எலுமிச்சை மஞ்சள், வெளிர் ரோஜா, பின்னால் வார் மட்டும் வைத்த கூர்முனைச் சப்பாத்து, வைக்கோல் பின்னிய உயரக் குதி, கணுக்காலைச் சுற்றிக் கட்டும் மெல்லிய தங்க வார்ச் செருப்பு. ஒவ்வொன்றாய்த் தாளைப் பிரித்து எடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கடை விதிப்படி அவள் காலில் மட்டும் எப்போதும் தட்டையான கறுப்பு.

அந்த வசந்தத்தில் மகள் தர்மிகாவுக்குச் சம்பந்தம் சரிவந்தது. ஆஹென் பல்கலைக்கழகத்தில் படித்தபோது பழகிய நிருஜன். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் உயிரை விடுகிற பிள்ளைகள். அவனுடைய தாய் கமலநாயகி பொல்லாத ரோசக்காரி, அவள் சம்மதம் இல்லாமல் அவன் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான். இரு வீட்டாரும் அதுவரை ஃபோனில்தான் பேசியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முறைப்படி பெண் கேட்க வருவதாக ஏற்பாடு. அவர்களிடமும் தகப்பன் சொன்னது அதே ஃபேஷன் கொம்பனிதான். தர்மிகா அதைத் திருத்தவில்லை. திருத்தாததோடு நில்லாமல், அம்மா அங்கே மனேஜர் என்று ஒரு படி கூட்டியும் வைத்தாள்.

தாயும் மகனும் சனிக்கிழமையே வந்து இறங்கிவிட்டார்கள். கலியாணப் பதிவு எழுத்து வைக்கிற அன்றைக்குப் போட ஒரு நல்ல செருப்பு வேண்டும் என்று கமலநாயகி தர்மிகாவைக் கடைத்தெருவுக்கு இழுத்துப் போனாள். கண்ணாடிக்குள் அந்தத் தங்க வாரைக் கண்டதும் விறுவிறுவென்று உள்ளே நுழைந்துவிட்டாள். அன்று அம்மாவுக்கு லீவு என்ற தைரியத்தில் தர்மிகாவும் பின்னால் போனாள். ஆனால் கூட வேலை செய்யும் ஒருத்தி சுகமில்லை என்று சொன்னதால் காலையில் பிரபாலினியைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அது மகளுக்குத் தெரியாது.

தாயும் மகளும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பெண் எங்கட சனமோ என்று கமலநாயகி மெல்லக் கேட்டதற்கு, மொறீசியஸ்காரியாக்கும் என்றாள் தர்மிகா. பிறகு தாயைப் பார்த்து, "ஹாபன் சீ..." என்று தொடங்கி, இது முப்பத்தொன்பதில் இருக்கிறதா என்று சுத்தமான டொச்சில் கேட்டாள்.

டொச்சில் அந்தச் 'சீ' மரியாதைச் சொல். முன்பின் தெரியாதவரை, அலுவலகக்காரரை, நீங்கள் என்று சொல்வது. பெற்ற தாயை எந்தப் பிள்ளையும் அப்படிச் சொல்லாது. பிரபாலினி இத்தனை வருடமும் நாளெல்லாம் கேட்டுப் பழகிய சொல்தான். அன்றைக்குத்தான் அது அவள் காதில் தமிழாக விழுந்தது.  ஆனாலும் இருக்கிறது என்று டொச்சிலேயே பதில் சொல்லி, முழந்தாளிட்டுக் கமலநாயகியின் காலில் வாரைக் கட்டினாள்.

கட்டும்போது கமலநாயகியின் பெருவிரல் அவள் கையில் இடித்தது. கமலநாயகி பதறி, குனிந்து அவள் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்கள் சனத்துக்கு ஊறிப்போன பழக்கம். அதற்குப் பதிலும் ஊறிப்போனதுதான்.

"ஐயோ, பரவாயில்லை அக்கா," என்றது பிரபாலினியின் வாய்.

கமலநாயகி சந்தோஷமாய்ச் சிரித்து, ஊர் எது என்று விசாரித்தாள். பிரபாலினி பெட்டி எடுத்து வருவதாகச் சொல்லி நிலவறைக்கு இறங்கியவள், திரும்பி வரவில்லை. வேறொருத்திதான் செருப்பைக் கட்டிக் கொடுத்தாள்.

அன்று பின்னேரம் தர்மிகா தாயிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, அந்தப் பேச்சை எடுக்கவுமில்லை. "நாளைக்கு நீங்கள் அறைக்குள்ளையே இருங்கோ. காய்ச்சல் எண்டு சொல்லுவம்," என்றாள். அதுதான் புத்தி என்றார் சிவகுருநாதன். மகளின் வாழ்க்கை அல்லவா, பிரபாலினியும் தலையாட்டினாள்.

ஞாயிறு பலகாரத் தட்டோடு வந்தவர்கள் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள். சம்பந்தி காய்ச்சலோடு படுத்திருக்க முகத்தைப் பார்க்காமல் போவது முறையல்ல என்று கமலநாயகி எழுந்தாள். சிவகுருநாதன் தடுக்கத் தடுக்க, தோடம்பழத்தோடு அறைக்கதவைத் திறந்தாள்.

கட்டிலில் இருந்தவளைப் பார்த்துவிட்டு, வாசலில் வெளிறிப்போய் நின்ற தர்மிகாவைப் பார்த்தாள்.

"அப்ப நேற்றுப் பிள்ளை 'சீ' போட்டுக் கதைச்சது உங்களையோ?"

மகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே நினைப்புத்தான் பிரபாலினிக்கு. யோசிக்காமல் ஒரு பொய்யைச் சொன்னாள்.

"அது என்ர பிழை அக்கா. கடைக்குள்ள அம்மா எண்டு கூப்பிடாதை, அப்பிடித்தான் கதைக்கவேணும் எண்டு நான்தான் சின்னனிலையிருந்து சொல்லிக் குடுத்தனான்."

கமலநாயகி பழத்தை மேசையில் வைத்தாள்.

"நான் இஞ்சை வந்த புதிசிலை கக்கூஸ் கழுவினனான். என்ர பிள்ளைக்கு அது தெரியும். உங்கட பிள்ளை பயத்திலை ஒருநாள் செய்தது எண்டால் நான் விட்டிருப்பன். தாயே சொல்லிக் குடுத்து வளர்த்ததெண்டால் எனக்கு ஏலாது."

நிருஜனுக்கு விஷயம் விளங்கச் சற்று நேரம் பிடித்தது. மனேஜர் என்று எனக்கும்தானே சொன்னாய் என்று தர்மிகாவிடம் கேட்டான்.  அவன் தாயின் பின்னால் படியிறங்கினான்.

கதவு சாத்தியதும் தர்மிகா தாயின் மேல் பாய்ந்தாள். உங்களை ஆர் கதைக்கச் சொன்னது என்று கத்தினாள், அழுதாள், சுவரில் கையை அடித்தாள். சிவகுருநாதனும் சேர்ந்து, வாயை மூடிக்கொண்டு படுத்திருக்க உனக்கு ஏலாதோ என்று மனைவியைத்தான் ஏசினார். 

"நான் மன்னிப்புக் கேக்க வாய் எடுத்தனான்," என்றாள் தர்மிகா விம்மலுக்கிடையில். "அதுக்கிடையிலை நீங்கள் முந்திப்போட்டீங்கள்."

பிரபாலினி தலையை நிமிர்த்தினாள். அவ்வளவு நேரமும் வறண்டு கிடந்த கண் நிறைந்தது. மகளின் கையை எட்டிப் பிடித்தாள்.

"மன்னிப்போ? ஆரிட்டை, பிள்ளை?"

தர்மிகா கையை இழுத்துக்கொண்டாள்.

"நிருஜன்ரை அம்மாவிட்டைத்தான். வேறை ஆரிட்டை?"