எலும்பு வைத்த இஞ்சி

மாமா இருந்தார். நான் இருந்தேன். என் தங்கை இருந்தாள். அண்டாவுக்குப் பின்னால் கடைக்கார பாய் இருந்தார். வேறு யாரும் இல்லை. தாம்பரம் ஸ்டேஷன் பக்கம், சின்ன பிரியாணிக் கடை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவருக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. நாற்பத்தெட்டு நாள் அவர் கறி, மீன், முட்டை தொடமாட்டார், தொட்டால் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குவார் என்று அம்மா அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். அவரைக் கேட்கவில்லை. விரதம் முடிந்த மறுநாள் சேலையூரில் பெண் பார்க்க ஏற்பாடு. அன்றைக்கு நாற்பத்தாறாம் நாள்.

டியூஷனிலிருந்து எங்களைக் கூட்டி வரும்போது மாமா வண்டியை நிறுத்தினார்.

"பாய், மூணு குஸ்கா."

"மாமா, விரதம்" என்றேன்.

"குஸ்கான்னா இன்னா? பீஸ் இல்லாத பிரியாணி. பீஸ் இல்லன்னா சைவம்."

"அப்புறம் எதுக்கு அந்தப் பேரு?"

மாமா பாயைப் பார்த்தார்.

"உருதுல குஷ்க்னா காஞ்சதும்மா" என்றார் பாய். "குழம்பு, கறி எதுவும் சேராத வெறும் சோறுதான் குஷ்கா."

"கேட்டுக்கினியா? வெறும் சோறு."

"முழுசா கேளு தம்பி. அது அந்தக் காலம். இங்க அதே அண்டா, அதே மசாலா. கறியோட வெந்த சோறு. சைவம்னு எவன் சொன்னான்?"

"பேருக்கு அர்த்தம் வெறும் சோறுதானே?"

"பேரு அப்படித்தான்."

"போதும் பாய். போடு."

அர்த்தத்தை உருதுவில் எடுத்துக்கொண்டார். சோற்றைத் தாம்பரத்தில் எடுத்துக்கொண்டார்.

பாய்க்கு ஒரு வழக்கம். பழகியவர்கள் குஸ்கா கேட்டால் சோற்றுக்கடியில் ஒரு துண்டு கறியைப் புதைத்துத் தருவார். மாமா பத்து வருஷப் பழக்கம்.

நாலாவது வாயில் தங்கை கத்தினாள். "மாமா, உன் சோத்துல கறி கீது!"

"அது கறி இல்ல. இஞ்சி."

"இஞ்சிக்கு எலும்பு இருக்குமா?"

மாமா மென்றுகொண்டே யோசித்தார். "பெரிய இஞ்சின்னா இருக்கும்."

கை கழுவும்போது, வீட்டில் சொல்லாதே என்றார். என்னிடம் சொல்லவில்லை. தங்கையிடம் மட்டும், மூன்று தடவை.

அவள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, மாமா எலும்பு வச்ச இஞ்சி துன்னாரு!"

மாமா உருது அர்த்தத்தைச் சொல்லிப் பார்த்தார்.

"நம்ம அம்மனுக்கு உருது தெரியாதுடா" என்றாள் அம்மா.

சேலையூருக்கு போன் போட்டு இன்னும் ஒன்றரை மாதம் தவணை கேட்டாள். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். அம்மா அழுதாள். நான் தங்கையின் தலையில் குட்டினேன். மாமா என்னைத்தான் அதட்டினார். அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். பாவம், பெண் போன வருத்தத்தை மறைக்கிறார் என்று நினைத்தேன்.

கல்யாணம் வேண்டாம் என்று அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வாய் வராது என்பது எனக்கு அப்போது தெரியாது. அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டு வந்து காலண்டரில் பேனாவால் பெரிதாக எழுதினாள்.

ஒன்று.