பேர் தெரியாத மலை

“இந்தத் திரையில முளைக்கிற எந்த மலையா இருந்தாலும் சரி, பாத்த மாத்திரத்துல பேர் சொல்லுவேன். பேர் மட்டுமில்ல, அதோட அப்பன் பேரு, தாய்மாமன் பேரு எல்லாம் சொல்லுவேன். உங்க மெஷினுக்கு எங்கிட்டேருந்து ஒரு வேலையும் வராது சம்பந்தி. நீங்க நிம்மதியா தூங்கலாம்.”

இந்தப் பிரகடனம் வெளியான இடம் மகளின் கல்யாண விருந்தில் கை கழுவும் குழாயடி. பிரகடனம் செய்தவரின் கைகளில் அப்போது சோப்பு நுரை இருந்தது. கேட்டவர் மாப்பிள்ளையின் அப்பா. பின்னால் கை கழுவக் காத்திருந்தவர்கள் சாட்சி.

பிரகடனக்காரரை மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் மலை சார் என்றுதான் அழைப்பார்கள். அந்தக் கூடத்தில் மலை என்பது வேறு. மருந்தைக் கரைத்து எச்.பி.எல்.சி. என்கிற இயந்திரத்துக்குள் செலுத்தினால், அது ஒரு மெல்லிய எஃகுக் குழாய் வழியாக அதைத் தள்ளும். உள்ளே இருக்கிற சரக்குகள் தனித்தனியாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கு உரிய நேரத்தில் வெளியே வந்து, திரையில் ஒரு மலையை வரைந்துவிட்டுப் போகும். எந்த நேரத்தில் வந்தது என்பதை வைத்து ஆள் யார் என்று சொல்லலாம். எவ்வளவு பெரிய மலை என்பதை வைத்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்லலாம். இவ்வளவுதான் விஷயம். இதைக் கற்றுக்கொள்ள ஐந்து வருடப் படிப்பும் பாதித் தலைமுடியும் செலவாகும். மலை சார் இரண்டையும் குறைவில்லாமல் செலவழித்திருந்தார்.

சம்பந்தியும் அதே கூடத்தில்தான் வேலை. வராந்தாவின் மறு கோடியில் இருந்த குளிரூட்டிய அறையில், வருடம் முழுவதும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்கிற மகாராணிக்குச் சேவகம் செய்துவந்தார். பேர் தெரியாத சரக்கை அடித்து உடைத்து, துண்டுகளை எடைபோட்டு, இன்னார் என்று சொல்லிவிடும் இயந்திரம் அது. அதனிடம் ஒரு மாதிரியை அனுப்புவது தன் மூளையை அடகுக்கடையில் வைப்பதற்குச் சமம் என்பது மலை சாரின் கருத்து.

இந்த நிலையில் ஒரு இருமல் மருந்து வந்தது. சின்னத் தொழிற்சாலை ஒன்றின் சரக்கு. மலை சார் தன் கையாலேயே கரைத்து, இயந்திரத்தில் செலுத்தினார். வரவேண்டிய மலைகள் ஒழுங்காக வந்தன. எல்லாம் முடிந்தது என்று அவர் சோம்பல் முறித்தபோது, விருந்து முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் வந்து நிற்கும் தூரத்து உறவு மாதிரி, கடைசியில் ஒரு குட்டி மலை எட்டிப்பார்த்தது.

அவருக்கு அதன் பேர் தெரியவில்லை. தாய்மாமன் பேரும் தெரியவில்லை.

இயக்குநர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அது என்னவென்று தெரியவேண்டும். இல்லையென்றால் மருந்தின் மாதிரி சம்பந்தியின் அறைக்குப் போகும். அதற்கு மேல் சந்தேகம் இருந்தால் மருந்து மொத்தமும் சாக்கடைக்குப் போகும். தொழிற்சாலைக்காரர் வராந்தா பெஞ்சில், பிரசவ வார்டு வாசலில் நிற்கும் புருஷனைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலை சாரின் கவலை அதைவிடப் பெரியது. ஞாயிறுதோறும் மகள் வீட்டில் இரண்டு குடும்பத்துக்கும் ஒன்றாகச் சாப்பாடு. இனி ஆயுள் முழுக்கச் சோற்றோடு இந்த மலையையும் சேர்த்து விழுங்க வேண்டியிருக்கும்.

விசாரணை தொடங்கியது. முதலில் தண்ணீர் குற்றவாளியானது, மாற்றினார்கள். அடுத்து எஃகுக் குழாய், புதிதாகப் போட்டார்கள். பிறகு கூடத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்த உதவி ஆய்வாளர் அம்மாவின் கூந்தல் எண்ணெய். அந்த அம்மா தலைக்குத் துணித்தொப்பி மாட்டிக்கொண்டு வந்தாள், மலை அசையவில்லை. டீ தடை செய்யப்பட்டது. தும்மல் தடை செய்யப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் மலை சாருக்குக் கழுத்து வலி வேறு. திரையையே பார்த்துப் பார்த்து வந்த பழைய வலி. இழுப்பறையைத் திறப்பார், டப்பியிலிருந்து தைலத்தைக் கட்டைவிரலால் வழிப்பார், பிடரியில் தேய்ப்பார், மறுபடி குற்றவாளியைத் தேடப் புறப்படுவார்.

இதில் ஒரு விநோதம். அந்த அம்மா கரைத்துச் செலுத்தினால் மலை வருவதில்லை. மலை சார் கரைத்தால் வருகிறது.

“அதுக்குக் கூச்ச சுபாவம்மா. பழக்கமான கைக்குத்தான் வரும்” என்று விளக்கினார் மலை சார்.

அந்த அம்மா கையுறை போடுவாள். குடுவையைக் கண்ணாடி மூடியால் மூடிக் குலுக்குவாள். மலை சார் கையுறை போட்டால் கைக்கு அறிவு மழுங்கிவிடும் என்ற கொள்கை உடையவர். குடுவையின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்குவார். பார்க்க நாட்டியம் மாதிரி இருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த அம்மா பொறுமை இழந்தாள்.

“சார், மருந்தே போடாம, வெறும் கரைப்பானை மட்டும் ஒரு தடவை நீங்களே குலுக்கிப் போட்டுப் பாருங்களேன். மலைக்குத்தான் உங்க மேல பாசமாச்சே.”

அவள் வாயை அடைக்கவே அவர் அதைச் செய்தார். திரை வெறுமையாக, ஈ பறக்காத மைதானமாக ஓடியது. ஓடி, கடைசியில், மருந்தே இல்லாத இடத்தில், குட்டி மலை அழகாக எழும்பியது.

மலை சாருக்குக் கழுத்து வெட்டி இழுத்தது. கை தானாக இழுப்பறைக்குப் போனது. டப்பி திறந்தது, கட்டைவிரல் தைலத்தைத் தொட்டது. தொட்ட விரல் அங்கேயே நின்றது.

குடுவையின் வாயை அடைக்கிற அதே விரல். பிறகு கடுகளவு தைலத்தைக் கரைத்து இயந்திரத்தில் விட்டார். அதே நேரத்தில், அதே இடத்தில், திரையின் கூரையை இடித்துக்கொண்டு நின்றது மலை.

பேசாமல் இருந்துவிட முடியாது. காரணம் சொல்லாமல் ஒரு கெட்ட பரிசோதனை முடிவைத் தூக்கி எறிய அந்தக் கூடத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை. காரணம் வெளியே வந்தால்தான் மருந்து பிழைக்கும். பெஞ்சில் இருந்தவர் எழுந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தார். மலை சார் தலையைக் குனிந்துகொண்டு இயக்குநர் அறைக்குள் நுழைந்தார். மாதிரியை வாங்கிப்போகச் சம்பந்தி ஸ்வெட்டரோடு முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்.

“பேர் கெடச்சுதா?” என்றார் இயக்குநர்.

“கெடச்சுது சார். தைலம்.”

“இருமல் மருந்துல தைலமா?”

“மருந்துல இல்ல சார். என் கழுத்துல.”

கட்டைவிரலின் கதை முழுவதும் சொல்லப்பட்டது. மருந்து தப்பியது. வெளியே வந்ததும் சம்பந்தி தணிந்த குரலில் சொன்னார்: “தைலம்தான்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். நீங்க வராந்தாவுல திரும்பும்போதே வாசனை என் ரூமுக்கு வந்துடும் சம்பந்தி.”

“அப்ப முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“எந்த மலைக்கும் நீங்கதானே பேர் சொல்லுவீங்க?”

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் சம்பந்தி அதைப்பற்றி மூச்சுவிடவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினார். குத்திக்காட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

திங்கட்கிழமை காலையில் மலை சார் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். மற்ற விரல்கள் எல்லாம் நுழைந்தன. கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. புதிதாக வந்த ஒரு காய்ச்சல் மாத்திரையைக் கரைத்துச் செலுத்தியதில், திரையின் நடுவில் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது.

“இது என்ன மலை சார்?” என்றாள் உதவி ஆய்வாளர் அம்மா.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார்.

“தெரியலம்மா. சம்பந்தி ரூமுக்கு அனுப்பு.”