பூண்டுக்கு விபூதி பூசிய கார்த்திகை

என் வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுப்பதென்றால் வெல்லக்கட்டி. மகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற சந்தோஷத்தைச் சொல்ல, கீழ்பென்னாத்தூரிலிருந்து சம்பந்தியம்மா ஸ்வீட் டப்பாவோடு வந்திருந்தார். பேச்சு அப்படியே பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பத்தியச் சாப்பாட்டுக்குப் போனது. பால் ஊறப் பூண்டுக் குழம்பு வைக்க வேண்டுமே என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, இவர் எழுந்து நின்றுவிட்டார்.

"கடைப் பூண்டு எதுக்குங்க? உங்க மருமகளுக்கு எங்க மாடியில வெளைஞ்ச பூண்டுதான். நான் தரேன்!"

சம்பந்தியம்மா நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற வீட்டுக்காரி. இவரை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம ஊரு வெயிலுக்குப் பூண்டா? அது மலைச்சரக்கு அண்ணா. போன வருஷமும் போட்டீங்களாமே, என்ன ஆச்சு?"

என்ன ஆச்சு என்று எனக்கல்லவா தெரியும்! இவர் வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். பகலெல்லாம் கடை, மிச்ச நேரமெல்லாம் மாடித் தோட்டம். போன வருஷம் பைகளில் பூண்டு நட்டார். இலையில் ஊதாப் புள்ளி விழுந்தது. பிடுங்கிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி பூஞ்சை, உள்ளே அழுகல். "விதைப்பூண்டு சரியில்லை" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இந்த வருஷம் மனுஷர் கொஞ்சம் தெளிந்துதான் இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். ஐப்பசியில் ஒவ்வொரு பல்லாகப் பார்த்து, புள்ளி இருந்ததையும் மெத்தென்று இருந்ததையும் கழித்தார். விதைக்கடையில் பூஞ்சையைத் தடுக்கும் சூடோமோனாஸ் பவுடர் வாங்கிக் கரைத்து, பற்களை அதில் நனைத்து நிழலில் உலர்த்தினார். போன வருஷத்து மண்ணைத் தொடவில்லை. அதே நோய் ஒட்டுமென்று வெங்காயம் போட்ட பையின் பக்கமே போகவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரித்த மனுஷர் இல்லை. முளை எழும்பிப் பச்சைப் பசேலென்று நின்றது.

அப்புறம் கார்த்திகை தீபம் வந்தது.

எங்கள் மாடியிலிருந்து மலை உச்சி நேராகத் தெரியும். நல்லது கெட்டதுக்கு வராத சொந்தமும் தீபத்துக்கு வந்துவிடும். அவர்கள் நிற்க இடம் வேண்டுமென்று பைகளையெல்லாம் படிக்கட்டின் தகரக் கூரையை ஒட்டிய மூலையில் உரச உரச அடுக்கினார் இவர். உச்சியில் தீபம் எரிகிற நாளெல்லாம் ஆள் வந்தபடி இருந்ததால் பைகளும் அங்கேயே கிடந்தன. தூறல் வேறு. விருந்தாளிகளைக் கவனித்ததில் செடியைக் கவனிக்கவில்லையே என்று உறுத்தியதோ என்னவோ, சாயந்திரமானால் பூவாளியை எடுத்து, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல இலை நனைய ஊற்றிவிட்டு வருவார்.

ஒரு நாள் காலை முகம் தொங்கிப்போய் இறங்கி வந்தார். "புள்ளி வந்துடுச்சு."

கடைக்கு வந்த யாரோ சாம்பல் தூவச் சொன்னார்களாம். கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? ஆனால் கோயிலுக்குப் போய்வந்த ஒவ்வொரு சொந்தமும் எங்கள் அலமாரியில் ஒரு விபூதிப் பொட்டலம் விட்டுப் போயிருந்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் காரியம் முடிந்திருந்தது.

அன்றைக்கென்று சம்பந்தியம்மா எங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு தீபம் பார்க்க வந்தார். மாடி ஏறியவர் மூலையைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணா, பூண்டுக்கெல்லாம் பட்டை போட்டு உட்டிருக்கீங்க! அப்படியே கிரிவலம் கூட்டிட்டுப் போவீங்களா, இல்ல அதுங்களே போயிடுமா?"

"படையல்ல சேர்க்காத சரக்குக்கு விபூதி பூசின மொத ஆளு இவருதான் அண்ணி" என்றேன் நான்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. பேரப்புள்ள பொறந்து, சொன்ன பூண்டு இல்லைன்னா என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

இவர் அப்படிச் சொன்னதும் சம்பந்தியம்மா சிரிப்பை நிறுத்தினார். குனிந்து இலையை விலக்கிப் பார்த்தார். "இப்படியா நெருக்கி வெப்பீங்க? நண்டு ஓட நெல்லு, வண்டி ஓட வாழை, தேர் ஓட தென்னைன்னு கேட்டதில்லையா?"

பழமொழி என்றால் எனக்குப் பசி மறந்துவிடும். "பூண்டுக்கு என்ன ஓடணும் அண்ணி?"

அவர் விழித்தார். "அது தெரியலையே. நாங்க எங்க பூண்டு போட்டோம்?"

"எலி?" என்றார் இவர்.

"எலி ஓடினா பூண்டு மிஞ்சுமாங்க?" என்றேன்.

நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மகள் விசிறிக்கொண்டே சொன்னாள்: "காத்து ஓடினா போதாதாப்பா? வீடு முழுக்க ஆளு, எனக்கே மூச்சு முட்டுது. அதுங்க என்ன பண்ணும்?"

அவள் சொன்னதுதான் சரியென்று பட்டது. பைகளைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக, வெயிலும் காற்றும் படும்படி தள்ளித் தள்ளி வைத்தோம். நெருக்கமாக நின்ற செடிகளில் நல்லதாகப் பார்த்துப் பிடுங்கித் துவையல் அரைத்தேன். புள்ளி விழுந்த இலைகளை வெட்டி, உரக்குழியில் சேர்க்காமல் குப்பை வண்டியில் போட்டோம். விபூதியைக் கழுவினால் மறுபடி நனையுமே என்று விட்டுவிட்டோம், அதைக் காற்றே கொண்டுபோனது. அன்றிலிருந்து காலையில் மட்டும், மண் காய்ந்திருந்தால் மட்டும், அடியில் மட்டும் தண்ணீர். அன்று மாலை தீபம் பார்க்க வந்த இவருடைய சித்தப்பா, நிற்க இடமில்லாமல் பைகளுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்று கும்பிட்டார். தவக்கோலம்தான்.

புதுப் புள்ளி வரவில்லை. மாசியில் தாள் பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திப் பிடுங்கினோம். இவர் கழுவி அடுக்கப் பார்த்தார். "ஏங்க, ஈரத்தோட வெச்சா இவ்ளோ நாள் பட்டதெல்லாம் போயிடும்" என்று கையைத் தட்டிவிட்டேன். தாளோடு கட்டி நிழலில் தொங்கவிட்டு உலர்த்தினோம். இரண்டு பையில் அழுகல்தான். மற்றதெல்லாம் எலுமிச்சங்காய் அளவு, சிலது அதுவும் இல்லை.

பங்குனியில் பேத்தி பிறந்தாள். பார்க்க வந்த சம்பந்தியம்மா, அடுப்பில் கொதித்த குழம்பை மோந்து பார்த்துவிட்டு இவரிடம் திரும்பினார்.

"சின்னதுதான். ஆனா வாசனை ஜாஸ்தி அண்ணா. ரெண்டு கொடுங்க, வர்ற ஐப்பசிக்கு எங்க கொல்லையில போட்டுப் பார்க்கிறேன்."

இவர் இருப்பதில் பெரிதாக இரண்டு எடுத்து நீட்டினார். நீட்டியவர் உடனே விட்டாரா? இல்லை.

"நெருக்கி நட்டுடாதீங்கம்மா. காத்து ஓடணும்."